“உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது”: செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் லதா எழுத்து ஏறவில்லை

கோவில் நோட்டீஸ் | 3 ஜூன் 2025, காலை

யாங்கோனில் வாங்கின செகண்ட் ஹேண்ட் லேப்டாப். விண்டோஸ் 10 ப்ரோ. திருவிழா நோட்டீஸ் பழைய வேர்ட் ஃபைலில் இருக்கு, எழுத்து லதா. இந்த மெஷினில் திறந்தா வரியெல்லாம் உடைஞ்சு ஒரு பக்க நோட்டீஸ் அடுத்த பக்கத்துக்கு வழியுது. செட்டிங்ஸ், ஆப்ஸ், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் போட்டா ஏறலை, பிழை 0எக்ஸ்800எஃப்0954. அப்டேட் பக்கத்தில் மேலே சிவப்பெழுத்தில் “சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது”. எனக்கு எந்த நிறுவனமும் கிடையாது, அட்மின் அக்கவுண்டும் என்னுடையதுதான். கடையில் கேட்டா ஃபார்மேட் ஒண்ணுதான் வழிங்கிறாங்க. உண்மையா?

தட்டோன் விசை | 3 ஜூன், மதியம்

ஃபார்மேட் வேண்டாம் அண்ணே. பிழை எண்ணே காரணத்தைச் சொல்லிடுது. 0954 வந்தா, மெஷின் மைக்ரோசாஃப்டைக் கேட்காம வேற ஏதோ அப்டேட் சர்வரைக் கேட்குதுன்னு எடுத்துக்கலாம். பெரிய ஆபீஸ்கள் தங்கள் மெஷின்களுக்குச் சொந்தமா ஒரு அப்டேட் சர்வர் வெச்சிருக்கும். முன்னே இந்த லேப்டாப் இருந்த ஆபீஸின் சர்வர் முகவரி இன்னும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிச்சு வைக்கிற இடம்) இருக்கு. லதா, விஜயா ரெண்டு தமிழ் எழுத்துருவும் விண்டோஸ் 10-இல் கூடவே வர்றதில்லை, தனியா இறக்கணும். இறக்கப் போற நேரத்தில் மெஷின் அந்தப் பழைய முகவரிக்குப் போய் ஏமாந்து திரும்புது. உங்க ஃபைலில் வரி உடையுறதும் இதனால்தான்: லதா இல்லாத இடத்தில் வேர்ட் வேற எழுத்தைப் போடுது, அதன் அகலம் வேற.

கட்டளை, ரெஜிஸ்ட்ரி பேர் எல்லாத்தையும் ஒலிப்படி எழுதுறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்க.

ஸ்டார்ட்டில் ரெஜ்எடிட், ரைட் க்ளிக், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். ஹெச்கேஈஒய் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ்அப்டேட் வரை இறங்குங்க. வலப்பக்கம் டபிள்யூயூசர்வர்னு ஒரு வரி இருந்து, அதில் ஹெச்டிடிபி-யில் தொடங்கி 8530-இல் முடியிற முகவரி இருந்தா சந்தேகமே இல்லை. 8530 அந்த வகை சர்வரின் வழக்கமான போர்ட். பாதுகாப்பான இணைப்புன்னா 8531.

கை வைக்கிறதுக்கு முன்னே அந்த விண்டோஸ்அப்டேட் ஃபோல்டரில் ரைட் க்ளிக், எக்ஸ்போர்ட். ஃபைலை டெஸ்க்டாப்பில் வெச்சுக்கோங்க, எதாவது கெட்டுப்போனா அதை டபுள் க்ளிக் பண்ணினா பழையபடி ஆயிடும். அப்புறம் உள்ளே இருக்கிற ஏயூ ஃபோல்டரில் யூஸ்டபிள்யூயூசர்வர் மதிப்பை 1-இலிருந்து 0 ஆக்குங்க. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் ஸ்டாப் டபிள்யூயூஏயூசர்வ், அடுத்து நெட் ஸ்டார்ட் அதே பேர். இந்த ரெண்டு வரியை விட்டுட்டா ஓடிக்கிட்டிருக்கிற சர்வீஸ் பழைய முகவரியையே பிடிச்சுக்கிட்டு இருக்கும், “மாத்தியும் வேலை செய்யலை”ன்னு தோணும். இப்போ ஃபான்ட்ஸை மறுபடி போடுங்க.

பெகு 7 | 3 ஜூன், இரவு

இவ்வளவு எதுக்கு? வேற மெஷினில் இருந்து லதா ஃபைலை யூஎஸ்பியில் எடுத்து வந்து இன்ஸ்டால் கொடுத்தா முடிஞ்சது.

தட்டோன் விசை | 3 ஜூன், இரவு

எழுத்து வந்துடும் தம்பி, பூட்டு அப்படியே இருக்கும். நாளைக்கு டாட்நெட் 3.5-ங்கிற விண்டோஸ் துணைப்பகுதியைக் கேட்கிற பழைய கணக்கு ப்ரோகிராம் ஒண்ணைப் போட்டா இதே 0954 வரும். அதைவிடப் பெரிய விஷயம், செக்யூரிட்டி அப்டேட்டும் அந்தச் சர்வரைத்தான் கேட்கும். கோவில் அண்ணே, வியூ அப்டேட் ஹிஸ்டரி திறந்து கடைசியா எப்போ ஏறியிருக்குன்னு பாருங்க.

கோவில் நோட்டீஸ் | 4 ஜூன்

லதா ஏறிடுச்சு, நோட்டீஸ் ஒரே பக்கத்தில் நிக்குது. ரொம்ப நன்றி. டபிள்யூயூசர்வரில் நீங்க சொன்ன மாதிரியே 8530. அப்டேட் ஹிஸ்டரி 2023-இலேயே நின்னிருக்கு. ஆனா கரண்ட் போய் வந்து மெஷினை மறுபடி போட்டதும் யூஸ்டபிள்யூயூசர்வர் திரும்ப 1 ஆயிருக்கு. நான் தொடவே இல்லை.

தட்டோன் விசை | 4 ஜூன், மாலை

இதுதான் இந்த விஷயத்தின் மையம். ரெஜிஸ்ட்ரியில் தெரியிறது எழுதப்பட்ட மதிப்பு மட்டும்தான், எழுதுறவர் வேற எங்கேயோ இருக்கார். அவரைக் கண்டுபிடிக்காம மதிப்பை மட்டும் அழிச்சா அவர் மறுபடி எழுதுவார். ஃபார்மேட் ஆலோசனையும் இதே காரணத்தால் சில மெஷினில் தோத்துப்போகும், அதைப் பிறகு சொல்றேன்.

யார் எழுதுறாங்கன்னு இந்த வரிசையில் பாருங்க. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் டிஎஸ்ரெக்சிஎம்டி, இடைவெளி, சாய்கோடு, ஸ்டேட்டஸ். மேலேயே ரெண்டு வரி வரும்: ஆஜூர்ஏடிஜாயின்ட், டொமைன்ஜாயின்ட். ரெண்டும் நோ-ன்னா மெஷின் இப்போ எந்த ஆபீஸோடவும் கட்டப்படலை. ஏதாவது ஒண்ணு யெஸ்னா கைவைக்காம இங்கே எழுதுங்க. அடுத்து செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல். அங்கே உங்களுக்குத் தெரியாத மெயில் முகவரி தொங்கிக்கிட்டிருக்கான்னு பாருங்க.

ரெண்டிலும் ஒண்ணும் இல்லைன்னா ஜிபிரிசல்ட், இடைவெளி, சாய்கோடு ஹெச், இடைவெளி, சி டிரைவில் ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல் பேர். அது ஒரு அறிக்கை எழுதும், பிரவுசரில் திறங்க. ஒவ்வொரு அமைப்புக்கும் எதிரே “வின்னிங் ஜிபிஓ”ன்னு ஒரு கட்டம் இருக்கும், எழுதினவர் பேர் அதில்தான். லோக்கல் க்ரூப் பாலிசின்னு (மெஷினிலேயே எழுதி வெச்ச விதிகள்) இருந்தா விஷயம் மெஷினுக்குள்ளேயே இருக்கு. ரெஜிஸ்ட்ரியில் மதிப்பு இருந்தும் அறிக்கையில் அந்த அமைப்பே இல்லைன்னா யாரோ, ஏதோ ஒரு ப்ரோகிராம், நேரா ரெஜிஸ்ட்ரியில் எழுதியிருக்கு.

கோவில் நோட்டீஸ் | 5 ஜூன்

ரெண்டும் நோ. அக்கவுண்ட்ஸில் எதுவும் இல்லை. அறிக்கையில் லோக்கல் க்ரூப் பாலிசி.

தட்டோன் விசை | 5 ஜூன்

நல்ல பதில், மெஷின் சுத்தமா உங்களுடையது. பழைய ஆபீஸ் டொமைனை (மெஷினை ஆபீஸ் நெட்வொர்க்கோடு கட்டுற இணைப்பு) கழட்டிட்டு உள்ளூர் பாலிசியை விட்டுட்டுப் போயிருக்கு.

அது இருக்கிற இடம்: சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32. அதற்குள் க்ரூப்பாலிசி, க்ரூப்பாலிசியூசர்ஸ்னு ரெண்டு ஃபோல்டர். மறைவா இருக்கும், வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக் பண்ணினால்தான் தெரியும். க்ரூப்பாலிசிக்குள் மெஷின், யூசர்னு பிரிஞ்சு, உள்ளே ரெஜிஸ்ட்ரி டாட் பால்னு ஒரு ஃபைல். மறுபடி மறுபடி எழுதிக்கிட்டிருந்தது அதுதான்.

அழிக்காதீங்க, பேரை மாத்துங்க. ரெண்டு ஃபோல்டர் பேருக்கும் பின்னாடி ஓல்டுன்னு சேர்த்துட்டு, அட்மின் ப்ராம்ப்டில் ஜிபிஅப்டேட், சாய்கோடு ஃபோர்ஸ். முடிஞ்சதும் ரீஸ்டார்ட். அதற்குப் பிறகும் ரெஜிஸ்ட்ரியில் மிச்சம் மீதி இருந்தா கையால் நீக்குங்க, இந்த முறை திரும்பாது. விண்டோஸ்அப்டேட் ஃபோல்டரையே முழுசா நீக்கலாம், எக்ஸ்போர்ட் கையில் இருக்கே. ஏயூவில் நோஆட்டோஅப்டேட் 1-ன்னு இருந்தா அதுவும் அதோடு போயிடும்.

பாஸ்வேர்ட் நீளம், எத்தனை தடவை தப்பாப் போட்டா அக்கவுண்ட் பூட்டிக்கும் போன்ற விதிகள் இந்த ஃபோல்டரில் கிடையாது. அவை தனி செக்யூரிட்டி டேட்டாபேஸில் இருக்கு. அவையும் பழைய ஆபீஸ் விதிப்படி இருந்தா செகெடிட் கட்டளையில் கான்ஃபிகர் கொடுத்து, விண்டோஸின் ஐஎன்எஃப் ஃபோல்டரில் இருக்கிற டெஃப்ல்ட்பேஸ் ஃபைலைக் காட்டினா விண்டோஸின் இயல்பான நிலைக்குத் திரும்பும். தொந்தரவு இல்லைன்னா அதைத் தொட வேண்டாம்.

மோல்மேன் கரை | 6 ஜூன்

ஐயா, என் கதை வேற. வீட்டில் வாங்கின புது மெஷின், விண்டோஸ் ஹோம், எந்த ஆபீஸும் கிடையாது. டாஸ்க் மேனேஜர் திறந்தா “அட்மினிஸ்ட்ரேட்டர் தடுத்துள்ளார்”. ரெஜ்எடிட்டும் அப்படியே. விண்டோஸோடு வர்ற ஆன்ட்டிவைரஸ் டிஃபெண்டர் பக்கத்திலும் நிறுவனம் நிர்வகிக்கிறதுன்னு வருது. ஹோமில் பாலிசியை மாத்துற ஜிபிஎடிட்டே இல்லையாமே, அதை ஏத்துற ஸ்க்ரிப்ட் ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு. போடலாமா?

தட்டோன் விசை | 6 ஜூன்

போட வேண்டாம். ஜிபிஎடிட் ஒரு ஜன்னல்தான், மதிப்புகள் இருக்கிறது ரெஜிஸ்ட்ரியில். உங்க மெஷினில் எழுதினது ஆபீஸ் இல்லை. ஒண்ணு வைரஸ், இல்லைன்னா விண்டோஸையோ ஆபீஸ் பேக்கேஜையோ இலவசமா ஆக்டிவேட் பண்றேன்னு வர்ற கருவி. கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸ்னா ரெண்டாவதுக்கே வாய்ப்பு அதிகம். அந்தக் கருவிகள் முதல் வேலையா டிஃபெண்டரின் வாயைத்தான் கட்டும்.

அதனால் வரிசை முக்கியம்: முதல்ல சுத்தம் பண்ணணும், பிறகுதான் பூட்டைத் திறக்கணும். மாத்திப் பண்ணினா நீங்க நீக்கின மதிப்பை அது மறுபடி எழுதும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதி, ஸ்கேன் ஆப்ஷன்ஸ், ஆஃப்லைன் ஸ்கேன். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் ஏறும் முன்னேயே ஸ்கேன் ஓடும், கால் மணி நேரம் போல ஆகும். சார்ஜரைச் செருகிட்டு, பேட்டரியும் நிறைய இருக்கும்போது ஆரம்பிங்க, நடுவில் கரண்ட் போனாலும் நிக்காது.

அதற்கு முன்னே அட்மின் பவர்ஷெல்லில் கெட்-எம்பிப்ரிஃபரன்ஸ்னு தட்டி, வர்ற பட்டியலில் எக்ஸ்க்ளூஷன்பாத் வரியைப் பாருங்க. சி டிரைவ் முழுசுமோ, நீங்க வைக்காத ஏதோ ஃபோல்டரோ அங்கே இருந்தா டிஃபெண்டர் அந்த இடத்தைப் பார்க்கவே பார்க்காது, ஸ்கேன் சுத்தம்னு பொய்யா வரும். ரிமூவ்-எம்பிப்ரிஃபரன்ஸ் போட்டு அதை எடுத்துட்டு ஸ்கேன் பண்ணுங்க.

இனி பூட்டுகள். ஹெச்கேஈஒய் கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம். இங்கே டிஸேபிள்டாஸ்க்எம்ஜிஆர், டிஸேபிள்ரெஜிஸ்ட்ரிடூல்ஸ். ரெஜ்எடிட்டே பூட்டியிருக்கும்போது ரெஜ் கட்டளையும் மறுக்கும். பவர்ஷெல் மறுக்காது: ரிமூவ்-ஐட்டம்ப்ராப்பர்டி, பாதை, மதிப்பின் பேர். பாதையை ஹெச்கேசியூ, முக்காற்புள்ளியோடு ஆரம்பிங்க. பக்கத்து ஃபோல்டர் எக்ஸ்ப்ளோரரில் நோகண்ட்ரோல்பேனல் இருந்தா கண்ட்ரோல் பேனலோடு செட்டிங்ஸும் திறக்காது. செட்டிங்ஸ் திறக்குது ஆனா சில பக்கம் மட்டும் காணோம்னா செட்டிங்ஸ்பேஜ்விசிபிலிட்டின்னு ஒரு வரி இருக்கும், ஹைட்னு தொடங்கி மறைச்ச பக்கங்களின் பேர் வரிசையா வரும்.

டிஃபெண்டருக்கு ஹெச்கேஈஒய் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர். உள்ளே டிஸேபிள்ஆன்ட்டிஸ்பைவேர் மாதிரி வரிகள் இருந்தா எக்ஸ்போர்ட் பண்ணிட்டு நீக்குங்க.

தட்டோன் விசை | 6 ஜூன், இரவு

மேலே சொன்னதுக்கு ஒரு முக்கியமான சேர்க்கை. நிறைய பேர் சிக்கிக்கிற இடம் இது. கரண்ட் யூசருக்குக் கீழே இருக்கிற பாலிசீஸ் ஃபோல்டரில் எழுத அட்மின் உரிமை வேணும். உங்க தினசரி அக்கவுண்ட் சாதாரணமானதா இருந்து, ரன் ஆஸ் அட்மின் கொடுக்கும்போது வேற அட்மின் அக்கவுண்டின் பாஸ்வேர்டைப் போட்டீங்கன்னா, திறக்கிற ஜன்னலில் “கரண்ட் யூசர்” அந்த அட்மின்தான். அங்கே பூட்டே இருக்காது, நீக்க ஒண்ணும் கிடைக்காது. உங்க அக்கவுண்டிலோ பூட்டு அப்படியே நிக்கும்.

வழி: உங்க சொந்த அக்கவுண்டில், அட்மின் இல்லாத சாதாரண ப்ராம்ப்டில் ஹூஆம்ஐ, சாய்கோடு யூசர். எஸ்-1-5-21-ன்னு தொடங்கும் நீள எண் வரும், அதைக் குறிச்சுக்கோங்க. பிறகு அட்மின் ஜன்னலில் ஹெச்கேஈஒய் யூசர்ஸ், அந்த எண், அங்கிருந்து அதே பாதை. லாக் ஆஃப் பண்ணாம யூசரை மாத்தாம இதைச் செய்யணும். லாக் ஆஃப் ஆயிட்டா அந்த எண் பட்டியலில் இருக்காது.

மோல்மேன் கரை | 7 ஜூன்

நீங்க சொன்ன மாதிரியே எக்ஸ்க்ளூஷனில் சி டிரைவ் முழுசும் இருந்தது. எடுத்துட்டு ஸ்கேன் போட்டதில் ரெண்டு ஃபைல் பிடிபட்டுது. டாஸ்க் மேனேஜர் திறக்குது, டிஃபெண்டரும் சரியாச்சு.

தட்டோன் விசை | 7 ஜூன்

நல்லது. அந்த மெஷினில் பேங்க் ஆப், மெயில் பாஸ்வேர்டு எது போட்டிருந்தாலும் வேறொரு சுத்தமான ஃபோனில் இருந்து மாத்திடுங்க, இன்னைக்கே.

பெகு 7 | 9 ஜூன்

செகண்ட் ஹேண்ட் ஒண்ணு வாங்கப் போறேன். வாங்கும் முன்னே இந்தப் பூட்டெல்லாம் இருக்கான்னு கடையிலேயே பார்க்க முடியுமா?

தட்டோன் விசை | 9 ஜூன்

முடியும், கண்டிப்பா பார்க்கணும். ஃபார்மேட் தோத்துப்போற மெஷின்னு சொன்னேனே, அது இங்கேதான் வரும்.

ஆபீஸ்கள் லேப்டாப்பின் வன்பொருள் கைரேகையை ஆட்டோபைலட்னு மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் பதிஞ்சு வைக்கலாம். அந்த மெஷினை எத்தனை முறை அழிச்சுப் போட்டாலும் முதல் திரையில் வைஃபை கொடுத்த உடனே அந்த ஆபீஸின் பேர் வந்து அவங்க மெயில், பாஸ்வேர்ட் கேட்கும். பதிவு டிஸ்கில் இல்லை, மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் இருக்கு. எடுக்க வேண்டியவர் அந்த ஆபீஸின் ஐடி ஆள் மட்டும்தான். நெட் கொடுக்காம இன்ஸ்டால் பண்ணித் தாண்டலாம்னு கடையில் சொல்வாங்க. தாண்டினாலும் பதிவு அப்படியே இருக்கு, அடுத்த ரீசெட்டில் மறுபடி நிக்கும். அப்படிப்பட்ட மெஷின் முறையா விற்கப்பட்டதான்னே எனக்குச் சந்தேகம் வரும். விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வேண்டாம்.

பார்க்கிற விதம்: கடைக்காரரை ரீசெட் போடச் சொல்லி, முதல் திரையில் உங்க ஃபோன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுங்க. சாதாரண “உங்களுக்கா, நிறுவனத்துக்கா” கேள்வி வந்தா நல்ல அறிகுறி, ஆபீஸ் பேர் வந்தா எழுந்திருங்க. ரீசெட்டுக்கு நேரமில்லைன்னு சொன்னா டிஎஸ்ரெக்சிஎம்டி ஸ்டேட்டஸ் பாருங்க. ஆனா நெட் இல்லாம புதுசா போட்ட விண்டோஸில் அது நோ-ன்னே வரும், அதை மட்டும் நம்ப முடியாது.

அடுத்தது பயாஸ், விண்டோஸ் ஏறும் முன்னே ஓடுற மெஷினின் அடிப்படை ப்ரோகிராம். ஆன் பண்ணும்போது எஃப்2 அல்லது டிலீட் விசை, திங்க்பேட்னா எஃப்1, எச்பின்னா எஃப்10. பாஸ்வேர்ட் கேட்டா வாங்காதீங்க. டெஸ்க்டாப்பில் நிறைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரியை எடுத்தோ, க்ளியர் சிமாஸ் ஜம்பரை மாத்தியோ அழிச்சிடலாம். ஆபீஸ் வகை லேப்டாப்பில் அது தனி சிப்பில் இருக்கும், பேட்டரியை எடுத்தா தேதி மட்டும்தான் போகும். திங்க்பேட் சூப்பர்வைசர் பாஸ்வேர்டுக்கு லெனோவோ சொல்ற ஒரே வழி மதர்போர்டை மாத்துறது. பயாஸ் உள்ளே செக்யூரிட்டி பக்கத்தில் ஆப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ்னு (திருட்டுப்போன மெஷினைக் கண்காணிக்கிற வசதி) ஒரு வரி இருந்து பர்மனன்ட்லி ஆக்டிவேட்டட்னு காட்டினாலும் அதே பதில்.

பயாஸ் திறக்கிறது ரொம்ப அவசியம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நிறுத்தம். 11-க்குப் போக டிபிஎம் 2.0-வும் (சாவிகளைப் பத்திரமா வைக்கிற பாதுகாப்புப் பகுதி) செக்யூர் பூட் வசதியும் (ஆன் ஆகும்போது நம்பகமானதை மட்டும் ஏற விடுறது) வேணும், அணைஞ்சிருந்தா பயாஸ் உள்ளே போய்த்தான் போடணும். இன்டெல்னா எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏத்துக்காது.

மோல்மேன் கரை | 10 ஜூன்

ஜப்பானில் இருந்து வர்ற பழைய லேப்டாப் மலிவா கிடைக்குதே, அதில் தனியா கவனிக்க ஏதாவது?

தட்டோன் விசை | 10 ஜூன்

ரெண்டு விஷயம். அடாப்டரில் இன்புட் 100–240 வோல்ட்னு இருந்தா அடாப்டர் நம்ம 230-க்குத் தாங்கும். ஆனா சுவருக்குப் போற ஒயரைப் பாருங்க, ப்ளக்கிலேயே 125 வோல்ட் 7 ஆம்பியர்னு அச்சு இருக்கும். அந்த ஒயரைத் தூக்கிப்போட்டு 250 வோல்ட் ஒயர் வாங்குங்க. டெஸ்க்டாப்னா பவர் சப்ளையில் 100 வோல்ட் மட்டும்னு இருக்கலாம், நேரா செருகினா எரிஞ்சிடும்.

ரெண்டாவது கீபோர்ட். விண்டோஸ் அதை அமெரிக்கக் கீபோர்டா நினைச்சுக்கிட்டிருந்தா ஓ-வுக்கு அடுத்த பி எழுத்துக்கு வலப்பக்கம் அட் குறி அச்சடிச்ச விசை சதுர அடைப்புக்குறியை அடிக்கும். அட் குறி வேணும்னா ஷிஃப்ட் 2. பாஸ்வேர்ட் மறைஞ்சு இருக்கிறதால் இது தெரியாம “அக்கவுண்ட் பூட்டிக்கிச்சு”ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. முதல்ல யூசர் பேர் கட்டத்திலோ நோட்பேடிலோ அடிச்சுப் பாருங்க.

தட்டோன் விசை | 11 ஜூன்

பயாஸ் பத்தி எழுதினதுக்கு எச்சரிக்கை சேர்க்கணும். டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதி) பூட்டியிருக்கும்போது செக்யூர் பூட் அமைப்பையோ டிபிஎம்மையோ மாத்தினா அடுத்த முறை 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். கீ இல்லைன்னா உள்ளே இருக்கிற எல்லாம் போச்சு, அதுக்குச் சுற்றுவழியே கிடையாது. அதனால் முதல்ல மேனேஜ்-பிடிஇ, ஸ்டேட்டஸ் பாருங்க. பிட்லாக்கர் போட்டிருந்தா கீயை காகிதத்தில் எழுதி வெச்சுக்கிட்டு, மேனேஜ்-பிடிஇ, ப்ரொடெக்டர்ஸ், டிஸேபிள், சி முக்காற்புள்ளி. இது ஒரே ஒரு ரீஸ்டார்ட்டுக்குத்தான் நிக்கும், அதற்குள் பயாஸ் வேலையை முடிச்சிடணும்.

டிஎஸ்ரெக்சிஎம்டியில் யெஸ் வந்தா எழுதுங்கன்னு சொன்னதுக்கும் காரணம் இருக்கு. டொமைனையோ ஆபீஸ் அக்கவுண்டையோ கழட்டும் முன்னே உள்ளூர் அட்மின் அக்கவுண்ட் ஒண்ணு உருவாக்கி, அதில் ஒருமுறை நுழைஞ்சும் பார்க்கணும். இல்லைன்னா கழட்டின பிறகு உள்ளே போக அக்கவுண்டே இருக்காது. ஆபீஸ் இப்பவும் உங்களுக்குக் கொடுத்து வெச்சிருக்கிற லேப்டாப்புக்கு இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் கிடையாது. அது அவங்க மெஷின், ஐடி ஆளைக் கேளுங்க.

கோவில் நோட்டீஸ் | 12 ஜூன்

பேரை மாத்தி ஜிபிஅப்டேட் போட்ட பிறகு சிவப்பு வரி போயிடுச்சு. அப்டேட் ரெண்டு நாளா ராத்திரி ராத்திரி இறங்கி முடிஞ்சது. மிச்சம் ஒண்ணே ஒண்ணு: குரோம் மெனுவின் அடியில் “உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது” இன்னும் இருக்கு, முதல் பக்கமா எங்கேயோ திறக்காத முகவரி வருது.

தட்டோன் விசை | 12 ஜூன்

குரோம் முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, ரெண்டு சாய்கோடு, பாலிசி. எந்த விதி, என்ன மதிப்புன்னு பட்டியல் வரும். உங்களுக்கு ஹோம்பேஜ்லொக்கேஷன் இருக்கும், பழைய ஆபீஸின் உள் பக்கம். எக்ஸ்டென்ஷன்இன்ஸ்டால்ஃபோர்ஸ்லிஸ்ட் இருந்தா கூர்ந்து பாருங்க, நீங்க போடாத எக்ஸ்டென்ஷன் எதையும் நீக்க விடாம ஏத்துறது அதுதான். க்ளவுட்மேனேஜ்மென்ட்என்ரோல்மென்ட்டோக்கன் இருந்தா அதுவும் பழைய ஆபீஸின் பிடி.

ஹெச்கேஈஒய் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம். எக்ஸ்போர்ட், நீக்கம், குரோமை முழுசா மூடித் திறந்து அந்தப் பாலிசி பக்கத்தில் ரீலோட் பாலிசீஸ் பட்டன். பட்டியல் காலியானா மெனு வரியும் போயிடும். காலியாகலைன்னா கரண்ட் யூசருக்குக் கீழேயும் அதே கூகுள் ஃபோல்டர் இருக்கு, அதையும் எடுங்க.